பதம்

புதிய ஊருக்குள் நுழையும்போது மனிதனுக்குத் தோன்றும் தயக்கத்தைக் காட்டிலும், புதிய உணவின் முன் அமரும்போது தோன்றும் தயக்கம் பெரிது. ஊர் பிடிக்கவில்லையெனில் திரும்பிவிடலாம். உணவு அப்படியன்று. அதைத் தன் உடலோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்; பிடிக்கவில்லையெனினும் பரிமாறியவர் கண்முன்னே தட்டைத் தள்ளிவைத்தல் பண்பாகாது. பெயரை எவ்வாறு ஒலிப்பது, எதைக் கையால் எடுப்பது, எதைக் கருவியால் எடுப்பது என ஒவ்வொன்றிலும் ஒரு நாணம் வந்து நிற்கும். முதுமையில் அந்நாணம் இன்னும் கூடும். பிறருக்குக் கற்பித்தே பழகியவர் பிறர் மேசையில் மாணவராக அமர்வது எளிய செயலன்று.

கிள்ளான் நகரையடுத்த தாமான் ஒன்றில் பழைய கடைவீட்டு வரிசை ஒன்று உண்டு. சீனர் நடத்தும் கோப்பிக் கடை, காலையில் மட்டும் திறக்கும் நாசி லெமாக் அங்காடி, நண்பகலில் கூட்டம் நிறையும் வாழையிலை உணவகம் ஆகியவை அவ்வரிசையில் நெடுங்காலமாக இருந்து வருபவை. கோடியில் இருந்த தையற்கடை, அதன் உரிமையாளர் முதுமையெய்தியபின் மூடப்பட்டது. சில மாதங்கள் பூட்டிக் கிடந்த அவ்விடத்தில் ஒரு நாள் கண்ணாடிச் சுவர் எழுந்தது; புகைபோக்கி முளைத்தது; வாசலில் ஒரு கரும்பலகையும் வந்து நின்றது. இத்தாலிய உணவகமாம். கோலாலம்பூர் தங்குவிடுதிச் சமையற்கூடங்களில் பல ஆண்டுகள் உழைத்துப் பழகிய சீன இளைஞர் ஒருவர், எட்டு மேசைகளோடு அதைத் தொடங்கியிருந்தார்.

அத்தாமானில் நெடுநாள் வாழ்ந்துவரும் முதியவர் ஒருவர், தோட்டத் தமிழ்ப்பள்ளிகளில் 35 ஆண்டுகள் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய துணைவியார் திருமணத்திற்கு முன் பால்மரம் வெட்டியவர். சந்தையில் பேசுவதற்கு வேண்டிய மலாய் அவருக்கு வரும், ஆங்கிலம் வாராது. இவ்விருவரும் அவ்வுணவகத்தின் வாசலை நாள்தோறும் கடந்து சென்றனரேயன்றி உள்ளே நோக்கியதில்லை. அவர்களை உள்ளே அழைத்துச் சென்றவள் பல்கலைக்கழகத்தில் பயிலும் பேத்தி. விடுமுறையில் பகுதிநேர வேலை செய்து ஈட்டிய முதற் சம்பளம் அவள் கையில் இருந்தது. மகனும் மருமகளும் வெளியூர் சென்றிருந்த ஒரு வெள்ளிக்கிழமை மாலை, "தாத்தா, பாட்டி, இன்றைக்கு நான் வாங்கித் தருகிறேன்" என்றாள். மறுக்க மனம் வரவில்லை.

ஆயினும் ஆசிரியரின் உள்ளத்தில் மகிழ்ச்சியோடு கசப்பும் இருந்தது. அதற்குக் காரணம் பழையது. பேத்தி ஆறாண்டுகள் தமிழ்ப்பள்ளியில் பயின்றவள். இடைநிலைப் பள்ளிக்குச் சென்றபின், எஸ்.பி.எம். தேர்வில் தமிழை ஒரு பாடமாக எடுக்க வேண்டுமா என்ற கேள்வி எழுந்தது. மதிப்பெண் குறைந்துவிடுமோ என்று அவள் அஞ்சினாள். மகனும் அவ்வச்சத்திற்கு இசைந்தார். ஊரார் பிள்ளைகளின் பெற்றோரிடமெல்லாம் சென்று தமிழை விடாதீர்கள் என்று வாதாடிய ஆசிரியர், தம் வீட்டில் வாதாடி வெல்லவில்லை. அன்று முதல் அவர் அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திக்கொண்டார். பேச்சு நின்ற இடத்தில் வேறு பேச்சும் வளரவில்லை. பாட்டிக்கும் பேத்திக்கும் இடையிலோ, "சாப்பிட்டாயா", "போய் வருகிறேன்", "தூக்கம் வருகிறது" என்னும் சில தொடர்களே எஞ்சின. அன்பு குறையவில்லை, அதைச் சுமந்து செல்லும் சொற்கள் குறைந்தன.

உணவகத்தினுள் நுழைந்ததும் பாட்டி மூக்கை நிமிர்த்தினார். "பால்மர விறகு" என்றார். சுவரோரம் செங்கல்லால் கட்டிய அடுப்பில் விறகு எரிந்துகொண்டிருந்தது. தோட்டத்து வீட்டில் ஆண்டுக்கணக்காக அவ்விறகில் சமைத்த மூக்கு அல்லவா! பேத்தி சென்று வினவி வந்தாள். பாட்டி சொன்னது சரியே. அந்த ஒரு சொல்லால் அவருடைய நாணத்தில் பாதி கரைந்தது எனலாம்.

உணவுப் பட்டியலில் இத்தாலியப் பெயர்களும் அவற்றின் கீழே ஆங்கில விளக்கமும் இருந்தன. பேத்தி முதலில் ஆங்கிலத்தில் படித்தாள். பாட்டி புன்னகையோடு தலையசைத்தார்; அது புரியாதவர் அசைக்கும் தலையசைப்பு. பேத்தி அதைக் கண்டுகொண்டாள். சற்று நேரம் பட்டியலையே பார்த்திருந்துவிட்டு, வேறு வழியின்றித் தமிழில் தொடங்கினாள்.

"இதன் பெயர் ஆல்யோ ஓல்யோ, பாட்டி. பூண்டும் எண்ணெயும் என்று பொருளாம். காய்ந்த மிளகாயும் போடுவார்களாம்."

"எண்ணெயைக் காயவைத்துப் பூண்டும் மிளகாயும் போட்டால் அது தாளிப்புத்தானே?"

"தாளிப்பு என்றால்?"

பாட்டி திகைத்தார். அவருடைய சமையலறையில் நாள்தோறும் நிகழும் ஒரு செயலின் பெயர், அதை உண்டு வளர்ந்த பேத்திக்குத் தெரியவில்லை. ஆசிரியர் நிமிர்ந்து அமர்ந்தார். ஆனால் வாய் திறக்கவில்லை. பாட்டியே கைகளால் காட்டினார். எண்ணெய் காயும் அளவு, பூண்டு பொன்னிறமாக வேண்டிய நேரம், கருகினால் வரும் கசப்பு ஆகிய அனைத்தையும் விளக்கினார். பேத்தி அச்சொல்லை இருமுறை சொல்லிப் பார்த்தாள்.

இங்கு ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அத்தாளிப்பில் இடும் மிளகாய் இத்தாலிக்கும் உரியதன்று, தமிழகத்திற்கும் உரியதன்று. 1492-இல் கொலம்பசு கடல் கடந்தபின் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வெளியுலகிற்கு வந்த செடி அது. போர்த்துகீசியர் வழியாக இந்தியாவை அடைந்தது. இன்று இத்தாலிய உணவின் அடையாளமாகக் கருதப்பெறும் தக்காளியும் அவ்வாறு வந்ததே. 16-ஆம் நூற்றாண்டின் நடுவில் அது இத்தாலியை அடைந்தது. ஆயினும் தக்காளிக் குழம்பின் செய்முறை அந்நாட்டுச் சமையல் நூலில் இடம்பெறுவதற்கு 17-ஆம் நூற்றாண்டின் இறுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. "எங்கள் உணவு, உங்கள் உணவு" என்று மக்கள் கோடு கிழிக்கின்றனர். அக்கோட்டின் இருபுறத்துச் சட்டிகளிலும் வெந்துகொண்டிருப்பவை ஒரே தொலைநாட்டுச் செடிகளின் காய்கள்.

சமையற்கூடத்திற்கும் உண்போர் கூடத்திற்கும் இடையே இடுப்பளவுச் சுவர் மட்டுமே இருந்தது. பாட்டியின் கண்கள் அங்கேயே நிலைத்தன. இளைஞர் உப்பிட்ட கொதிநீரில் பாஸ்தாவை வேகவைத்தார். வேறொரு சட்டியில் பூண்டைத் தாளித்தார். பின்னர் வெந்த பாஸ்தாவை அதில் இட்டு, அது வெந்த நீரிலேயே ஓர் அகப்பை மொண்டு ஊற்றிக் குலுக்கினார்.

"வடிக்க வேண்டிய தண்ணீரை ஏன் மறுபடியும் ஊற்றுகிறார்? கேள்" என்றார் பாட்டி.

பேத்தி கேட்டாள். இளைஞர் மகிழ்ச்சியோடு விளக்கினார். பாஸ்தா கெட்டியான கோதுமையின் ரவையால் செய்யப்படுவது. வேகும்போது அதிலுள்ள மாச்சத்து நீரில் இறங்கும். அந்நீர்தான் எண்ணெயையும் பாஸ்தாவையும் ஒன்றோடொன்று பிணைக்கும் என்றார். பேத்தி அதைத் தமிழில் சொல்ல முயன்று, "மாவுத் தண்ணீர்" என்றாள்.

"கஞ்சி என்று சொல். கஞ்சியை வீணாக்கவில்லை, நல்ல பிள்ளை" என்றார் பாட்டி.

இளைஞர் மேலும் ஒன்று சொன்னார். பாஸ்தா முழுதும் குழைந்துவிடலாகாது. கடிக்கும்போது நடுவில் சற்றே உறுதி வேண்டும். அந்நிலையை இத்தாலியர் "அல் தெந்தே" என்பர். "பல்லுக்கு" என்பது அதன் பொருள் என்றார். பேத்தி மீண்டும் சொல் தேடினாள். "பல்லுக்கு... பல்லுக்கு ஏற்றபடி... வேகிற அளவு..." என்று தடுமாறினாள்.

"பதம்" என்றார் பாட்டி. "பதமாக இறக்க வேண்டும் என்கிறார். அவ்வளவுதானே?"

ஆசிரியர் தம் துணைவியாரை நோக்கினார். 35 ஆண்டுகள் அவர் வகுப்பறையில் பகுபதம் என்றும் பகாப்பதம் என்றும் கற்பித்திருந்தார். பதமாவது சொல். பகுதி, விகுதி, இடைநிலை எனப் பிரித்துக் காட்டி மாணவர் பலரைத் தேறச் செய்திருந்தார். அதே பதம் தம் வீட்டு அடுப்பருகே வேறொரு பொருளில் ஒவ்வொரு நாளும் ஒலித்துக்கொண்டிருந்ததை அவர் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று பழமொழியும் கற்பித்தவர்தாம். எனினும் சொல்லுக்கும் சோற்றுக்கும் ஒரே பெயர் அமைந்திருப்பதன் அழகு, ஓர் அயல்நாட்டு உணவின் முன் அமர்ந்தபோதுதான் அவருக்கு விளங்கிற்று.

உணவு வந்தது. முட்கரண்டியைக் கண்ட பாட்டியின் முகத்தில் பழைய நாணம் மீண்டும் தோன்றியது. நல்வேளையாகப் பீட்ஸாவும் உடன் வந்தது. ஏறத்தாழ 450 பாகை செல்சியசு வெப்பமுள்ள அவ்வடுப்பில் ஒன்றரை நிமிடத்திற்குள் வெந்து, விளிம்பில் ஆங்காங்கே கருகி, ரொட்டிபோல் உப்பியிருந்தது. "இதைக் கையால்தான் எடுக்க வேண்டும், பாட்டி" என்றாள் பேத்தி. பாட்டியின் வலக்கை முன்னே சென்றது.

இவ்வலக்கையை ஓர் இத்தாலியர் எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே பார்த்து எழுதி வைத்திருக்கின்றார். வெனிசு நகரத்து வணிகரான மார்க்கோ போலோ, 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சீனத்திலிருந்து கடல் வழியே தாயகம் திரும்பும்போது பாண்டிய நாட்டுக் கரையைக் கண்டார். அங்குள்ளோர் வலக்கையால் மட்டுமே உண்பதையும், நீர்க்கலத்தை உதட்டில் படாமல் உயர்த்திப் பருகுவதையும் அவருடைய பயண நூல் குறிக்கின்றது. பாஸ்தாவைச் சீனத்திலிருந்து இத்தாலிக்குக் கொண்டு சென்றவர் அவரே என்று ஒரு கதை வழங்குவதுண்டு. அது கதையே. அவர் 1295-இல் வெனிசுக்குத் திரும்பினார். அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே, 1154-இல், அல் இத்ரீசி என்னும் அரபு நிலநூலறிஞர், சிசிலித் தீவில் நூல்போன்ற மாவுணவு செய்து கப்பல்களில் அனுப்பப்பட்டதை எழுதியுள்ளார். மார்க்கோ போலோ மெய்யாகக் கொண்டு சென்றது உணவையன்று. பிறர் உண்ணும் முறையைக் கூர்ந்து நோக்கிய செய்தியையே.

மூன்றாவதாக ரிசோட்டோ வந்தது. வெள்ளிக்கிழமை ஆதலால் கோழிச் சாறு கலந்ததா என்று பேத்தி முன்னரே கேட்டறிந்து, காய்கறிச் சாற்றில் காளானோடு செய்யச் சொல்லியிருந்தாள். பாட்டி ஒரு வாய் உண்டார். "குழைந்த சோறுபோல் இருக்கிறது, ஆனால் அரிசியின் நடு வேகவில்லை. இது இவர்களுக்குப் பதம், நமக்குப் பதம் இல்லை" என்றார். கறாரான தீர்ப்பு, ஆனால் அதில் இகழ்ச்சி இல்லை.

மேசையில் தட்டுகளுக்கு அடியில் தாள் விரித்திருந்தனர். பேத்தி அத்தாளின் ஓரத்தில் எதையோ எழுதலானாள். நெடுநாளாகத் தமிழ் எழுதாத கை. எழுத்துகள் சிறுபிள்ளையின் எழுத்துப்போல் உருண்டு நின்றன. "ஆல்யோ ஓல்யோ: பூண்டுத் தாளிப்பு. அல் தெந்தே: பதம். ரிசொட்டொ: குழைந்த சோறு." பாட்டியிடம் அன்று கற்ற சொற்களை மறவாதிருக்க எழுதினாளாம்.

ஆசிரியரின் விரல் தன்னியல்பாகத் தாளை நோக்கிச் சென்றது. "ரிசோட்டோ என்று நீட்டிச் சொல்கிறாய். எழுத்தில் குறிலாக இருக்கிறதே. ஒற்றைக் கொம்பை இரட்டைக் கொம்பாக்க வேண்டும்" என்றார். அவளுடைய முகம் சிறிது வாடியது. சிவப்பு மையை நினைவூட்டும் குரல் அது. அதைக் கண்ட ஆசிரியர் தணிந்த குரலில், "இந்தக் கொம்பைத் தமிழுக்கு இவ்வாறு அமைத்துத் தந்தவர் யார் தெரியுமா? ஓர் இத்தாலியர்" என்றார்.

பேத்தி நம்பவில்லை. ஆசிரியர் சொல்லத் தொடங்கினார். கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி என்னும் இயற்பெயருடைய வீரமாமுனிவர், வட இத்தாலியில் காஸ்திலியோனே என்னும் ஊரில் 1680-இல் பிறந்தவர். 1711-இல் தமிழகம் வந்தார். அக்காலத்தில் எகர ஒகரக் குறிலுக்கு மேலே புள்ளியிடுதல் மரபு. நெடிலுக்குப் புள்ளி இல்லை. ஓலையில் எழுத்தாணியால் புள்ளியிட்டால் ஓலை கிழியும் என்று பலர் புள்ளியை விட்டனர். குறிலா நெடிலா என்று இடம் நோக்கி உணர வேண்டியிருந்தது. வீரமாமுனிவர் புள்ளியை நீக்கி, நெடிலுக்கு ஏ, ஓ என வேறு வடிவமும், உயிர்மெய்யில் மேலே சுழித்த கொம்பும் அமைத்தார். தேம்பாவணி பாடியவரும், 1732-இல் சதுரகராதி தொகுத்தவரும் அவரே.

"அவருக்கு முன்னர் 1606-இல் ராபர்ட் டி நோபிலி என்னும் இத்தாலியர் மதுரைக்கு வந்தார். தமிழ் கற்று, தம் சமயத்தைத் தமிழில் எழுதினார்; ஊனுணவை விட்டுச் சோறும் காய்கறியும் உண்டு துறவியாக வாழ்ந்தார். அவர்களும் நம் உணவின் முன் இப்படித்தான் தயங்கி அமர்ந்திருப்பார்கள்" என்றார் ஆசிரியர்.

சொல்லி முடித்தபின் அவரே அமைதியானார். அவர்கள் சமயப் பணிக்காக வந்தவர்கள் என்பது மெய்யே. எனினும் மொழியைக் கற்க வேண்டுமெனில் அம்மொழியாரின் உணவின் முன் மாணவராக அமர வேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். தாமோ அன்று மாலை, பேத்தி அயல்நாட்டு உணவகத்திற்கு அழைத்ததையே தமிழின் மற்றுமொரு தோல்வியாகக் கருதி வந்திருந்தார்.

இத்தாலியரின் மொழி வரலாறும் ஒரு பாடம் தருகின்றது. 1861-இல் இத்தாலி ஒரே அரசாக அமைந்தபோது, அந்நாட்டில் பொது இத்தாலிய மொழியைப் பேசத் தெரிந்தவர் மிகச் சிலரே. ஊருக்கு ஊர் பேச்சு வேறு. உணவின் பெயரும் வேறு. 1891-இல் பெல்லெக்ரினோ அர்த்தூசி என்னும் முன்னாள் வணிகர், வெளியிட முன்வருவார் இன்மையால் தம் பொருட்செலவிலேயே ஒரு சமையல் நூலைப் புளோரன்சு நகரில் வெளியிட்டார். முதற் பதிப்பில் 475 குறிப்புகள் இருந்தன. அதைப் படித்த குடும்பப் பெண்கள் பல ஊர்களிலிருந்தும் மடல் எழுதித் தத்தம் செய்முறைகளை அனுப்பினர். பதிப்புதோறும் நூல் வளர்ந்து, இறுதியில் குறிப்புகள் 790 ஆயின. வீடுதோறும் சென்ற அந்நூல், நாட்டின் பல பகுதி மக்களுக்குப் பொதுச் சொற்களைக் கொண்டு சேர்த்தது. மொழியைப் பரப்பியவை பள்ளிகள் மட்டுமல்ல. அடுப்பங்கரைகளும் அப்பணியைச் செய்தன.

மலேசியத் தமிழரும் இவ்வழியை அறியாதவர் அல்லர். அரிசி நூலுணவை மீகூன் என்று அண்டை வீட்டாரிடமிருந்து பெயரோடு பெற்றுக்கொண்டனர். பின்னர் அதில் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துத் தமதாக்கினர். பிற உணவு வந்ததால் தமிழ் தேயவில்லை. உண்ணும்போது பேசாமையால் தேய்ந்தது. தட்டில் இருப்பதைப் பற்றிப் பாட்டியும் பேத்தியும் பேசிக்கொள்ள முடியாத வீட்டில், அலமாரியில் எத்தனை இலக்கண நூல்கள் இருந்தும் என்ன பயன்?

பணம் செலுத்தும் நேரத்தில் பாட்டி தொகையை எட்டிப் பார்த்து, "இந்தப் பணத்திற்கு ஒரு மாத மீகூன் வாங்கலாமே" என்றார். பேத்தி சிரித்தாள். வெளியேறும்போது பாட்டி சமையல்கார இளைஞரிடம் மலாயில், பூண்டு கருகாமல் எடுத்தது நன்று என்றும், அரிசியை மட்டும் இன்னும் ஐந்து நிமிடம் வேகவிடலாம் என்றும் சொல்லிவிட்டே வந்தார். அவர் தலை குனிந்து கேட்டுக்கொண்டார்.

மறு வெள்ளிக்கிழமை பேத்தி விடுதிக்குத் திரும்பியிருந்தாள். மாலையில் பாட்டியின் கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. விடுதியின் சிறிய அடுப்பில் பாஸ்தா செய்தாளாம். "பாட்டி, தாலிப்பு சரியாக வந்தது. கஞ்சி ஊற்றினேன். பதம் மட்டும் தவறிவிட்டது. எப்போது இறக்குவது?" என்று தமிழில் எழுதியிருந்தாள். ளகரம் லகரமாகியிருந்தது. பாட்டி அதைக் கணவரிடம் காட்டினார். பிழை அவர் கண்ணில் உடனே பட்டது. 35 ஆண்டுப் பழக்கம் எங்கே போகும்?

அவர் அப்பிழையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "கேட்டிருக்கிறாள், விரிவாகப் பதில் எழுது" என்று மட்டும் சொன்னார். சோற்றைப்போலவே சொல்லுக்கும் ஒரு பதம் உண்டு; அது வருமுன் கிளறினால் குழையும், வந்தபின் விட்டால் கருகும். திருத்தும் நேரம் வேறு, ஊக்கும் நேரம் வேறு என்பதை ஆசிரியர் அன்று தம் துணைவியாரின் அடுப்பிலிருந்து கற்றுக்கொண்டார். பாட்டி மூக்குக்கண்ணாடியை அணிந்துகொண்டு, ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தொட்டு, பதில் எழுதத் தொடங்கினார்.